மச்சானுக்கு வந்த எஞ்சின்

நிலாவெளியில் கரைவலை இழுக்கிற பஸ்தியாம்பிள்ளைக்கு வேறை வருத்தம் ஒண்டும் இல்லை. வயிற்றெரிச்சல் ஒண்டுதான். எழுபத்தைந்தாம் ஆண்டு பெண்சாதி கிறேசின் தம்பி நிக்கலஸுக்கு எஞ்சின் பூட்டின வள்ளம் கிடைச்ச நாளிலிருந்து மனிசனுக்கு நித்திரையே இல்லை.

பதினாலு வயதிலிருந்து கயிறிழுத்துக் கை காய்ச்சுப்போன ஆள். நேற்று முளைச்ச பொடியன் படபடவெண்டு எஞ்சினில போனால் பொறுக்குமே? "உன்ர தம்பி வீட்டில றேடியோ பாடுது. எங்கட வீட்டில நுளம்புதான் பாடுது" எண்டு சோறு தின்னேக்கையும் கிறேசைக் குத்துவார்.

எஞ்சின் குடுத்தது கொழும்பு முதலாளி ஒருத்தர். அந்த வள்ளத்தில் ஏறினது மீனில்லை, கஞ்சா. ஊருக்கே தெரியும். ஒருநாள் ஒரு மூட்டை கடலுக்குள்ளை விழுந்துபோக, முதலாளியின்ர ஆக்கள் நிக்கலஸின் முதுகைக் கிழிச்சுப்போட்டாங்கள். இனி ஏலாது எண்டு அவன் வலைச் சொந்தக்காரி ஞானமலரிட்டை ஓடிவந்தான்.

"அக்கா, என்னையும் கயிற்றில சேருங்கோ. நாப்பது பேரோட நிண்டால் அவங்கள் என்னிலை கைவைக்க மாட்டாங்கள்."

அந்தக் கரையில் ஒரு வழக்கம். புது ஆள் கயிற்றைத் தொட, இழுக்கிற எல்லாரும் ஓம் சொல்லவேணும். ஒருத்தர் மறிச்சாலும் சரிவராது. எல்லாரும் ஓம் எண்டினம். மிச்சம் பஸ்தியாம்பிள்ளை ஒருத்தர்தான். அவர் கண்ணுக்கு முதுகுக் காயம் தெரியேல்லை, பொடியன்ர கைக்கடிகாரம்தான் தெரிஞ்சுது.

"எஞ்சினில போன துரைக்குக் கயிறு எதுக்கு? நான் மாட்டன்."

நிக்கலஸ் திரும்பிப் போனான். அண்டைக்குப் பஸ்தியாம்பிள்ளை ரெண்டு கோப்பை சோறு திண்டார்.

நாலாம் நாள் காலமை, வலை இழுக்கத் தொடங்கேக்கை, முதலாளி அதே வள்ளத்தில் வந்து இறங்கினார். எஞ்சினடியில் முகம் வீங்கின நிக்கலஸ். முதலாளி நேரை வந்து பஸ்தியாம்பிள்ளையின் கையைப் பிடிச்சார்.

"ஐயா, நீங்கள் மாட்டன் எண்டபடியால்தான் இவன் திரும்பி என்னட்டை வந்தவன். பெரிய உதவி."

கருவாடு காயப்போட்டுக்கொண்டு நிண்ட கிறேஸ் அதைக் கேட்டாள். அவள் ஏசியிருந்தால் மனிசன் தாங்கியிருப்பார். ஏசேல்லை, சும்மா பார்த்தாள். ஐயோ, அந்தப் பார்வை! வெக்கம் அவரைப் பிடுங்கித் திண்டுது.

கையை உதறிப்போட்டுத் தண்ணிக்குள்ளை பாய்ஞ்சார். நிக்கலஸை இழுத்துக்கொண்டு வந்து அவன்ர கையைக் கயிற்றில் வைச்சார். "ஓம்! நான் ஓம் சொல்லுறன், எல்லாரும் கேளுங்கோ!"

முதலாளி வள்ளத்துக்கு ஓடப்பார்த்தார். அதுக்குள்ளை நாப்பது பேரும் சேர்ந்து வள்ளத்தை மணலில் ஏத்திப்போட்டினம். ஞானமலர் பொலிசுக்கு ஆள் அனுப்பினாள்.

கிறேஸ் ஓடிவந்து தம்பியின்ர முகத்தைச் சீலைத் தலைப்பால் துடைச்சாள். ஆக்கள் எல்லாம் அவன்ர தோளைத் தட்டினம். தண்ணி சொட்டச் சொட்ட நிண்ட பஸ்தியாம்பிள்ளையை ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்லை. கோதாரி, அப்பவும் மனிசனுக்கு மச்சானிலை பொறாமைதான்.