நாற்பது சிவப்பு வரிகள்

கணினித் திரையை வடிவமைப்பவன் பாடு கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுபவன் பாடுதான். உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் யோசனை சொல்வார்கள். நீங்களும் இதில் அடிபட்டவர் என்றால் என் வயிற்றெரிச்சல் புரியும்.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனிக்கு பிராட்பேண்ட் வந்த புதிது. ஆர்டர், விசாரணை, புகார் எல்லாம் மெயிலில் வந்து குவிந்தன. அவற்றை ஒரே திரையில் ஒழுங்குபடுத்தித் தரவேண்டும். எனக்கு அதுதான் முதல் வேலை. சொதப்பினால் ஊரில் இன்னொருவர் கூப்பிட மாட்டார்.

வாழ்த்தும் அவசரம்

அன்றைக்கே கவனிக்க வேண்டியது மட்டும் சிவப்பு, மற்றதெல்லாம் கறுப்பு. அப்படித்தான் வைத்தேன். தீபாவளி வாழ்த்து அனுப்பிய சேத்தியாத்தோப்புக் கடைக்காரர் கறுப்பில் கிடந்தது முதலாளிக்குப் பொறுக்கவில்லை. எனக்குச் சத்தம் போட்டுப் பேச வராது. மெதுவாக விளக்கத் தொடங்கினேன். பாதியிலேயே கையமர்த்தினார்: "எனக்கு எல்லா கஸ்டமரும் ஒண்ணுதாம்பா. எல்லாத்தையும் செவப்பாக்கு."

தொடாத பொத்தான்

முடிந்ததை அப்புறப்படுத்த 'முடிந்தது' என்றொரு பொத்தான். ஆபீஸ் பார்க்கும் செல்வி அக்கா ஒரு வாரமாக அதைத் தொடவே இல்லை. திரையில் நாற்பது வரி, நாற்பதும் சிவப்பு. அழியாது, அடுத்த பட்டியலுக்குத்தான் போகும் என்று மூன்று தடவை செய்தே காட்டினேன். அக்கா சொன்னார்: "கண்ணு முன்னால இருந்தது காணாமப் போவுதே தம்பி. மொதலாளி கேட்டா ஒங்க வூட்டுல வந்தா தேடுவேன்?"

கற்பூரம்

ஒரு நாள் காலை, அந்த நாற்பதுக்கு நடுவே கோயம்புத்தூர்க்காரர் மெயில் கண்ணில் பட்டது. அவர் ஆர்டர் கொடுத்திருந்த பீங்கான் பியூஸ் கேரியரில் திருகு ஓட்டை சின்னதாம், பெரிதாக்காமல் சுட வேண்டாமாம். முந்தின நாளே வந்திருக்கிறது, ஒருவரும் பார்க்கவில்லை! சூளைக்கு ஓடினேன். சரக்கை அடுக்கி, வாசலைச் செங்கலால் மூடியிருந்தார்கள். நெருப்பு இன்னும் வைக்கவில்லை. சுடாத மண்ணில் ஓட்டையைப் பெரிதாக்கிவிடலாம், சுட்டபின் நடக்காது. பத்துச் செங்கல் எடுத்தால் போதும் என்று கெஞ்சினேன். மேஸ்திரி ஏழுமலை அண்ணன் கையில் கற்பூரத் தட்டு. "கற்பூரம் காட்டியாச்சு தம்பி. இனிமே சாமியே மெயில் அனுப்புனாலும் கதவத் தொறக்க மாட்டேன்."

விசாரணை

சூளை பிரித்த அன்று சரக்கு முழுதும் வெள்ளை வெளேரென்று, பார்க்க அழகாக, ஒன்றுக்கும் உதவாமல் வந்தது. செல்வி அக்கா தரையைப் பார்த்தார். மேஸ்திரி மேலே பார்த்தார். முதலாளி என்னைப் பார்த்தார்: "ஏம்பா, அவசரமானது மட்டும் தனியாத் தெரியற மாதிரி வேற கலருல வைக்கணும்னு ஒனக்குத் தோணவே இல்லையா?"

முதல் நாள் தான் சொன்னதையே கடைசி நாளில் அடுத்தவர் வாயால் திட்டாகக் கேட்டுக்கொள்வதற்குத்தான் இந்தத் தொழிலில் வடிவமைப்பு என்று பெயர்.