தோளில் இடுக்கிய போன்

அதியமான்கோட்டையில் தனியாக இருக்கிறேன். பெங்களூரில் இருக்கும் மகள் சமைக்கும்போது போன் செய்வாள். பேச்சு தீர்ந்தாலும் இருவரும் வைக்க மாட்டோம். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கி, அவள் வீட்டுச் சத்தத்தைக் கேட்டபடியே புளி தட்டிக் கொட்டை எடுப்பேன்.

ஒருநாள் இடது தோள்பட்டைக்குள் சுருக்கென்று குத்தியது. மாரடைப்போ என்று பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். இ.சி.ஜி. பார்த்த டாக்டர், "ஹார்ட் நல்லா இருக்குதுங்கம்மா. கழுத்துச் சதைதான் இறுகிப்போச்சு. போனை இடுக்கிக்கிட்டு வேலை செய்வீங்களா?" என்றார். "ஆமாங்க" என்றேன். ஏன் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.

இப்போது வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறேன். இடையிடையே எழுந்து தோளைச் சுழற்றுகிறேன். போனை ஸ்பீக்கரில் போட்டு எதிரே வைத்துவிடுகிறேன். வலி குறைந்துவிட்டது. நேற்று குக்கர் விசில் கேட்டு அடுப்பை அணைக்க எழுந்து போனேன். என் அடுப்பு பற்ற வைக்காமலே கிடந்தது.