பாஷ்க் சொன்ன சாட்சி

எங்கள் வட அல்பேனிய மலையில், தம்பியைப் பறிகொடுத்தவன் பழி வாங்காமல் காப்பிக் கடைக்கு வந்தால் கோப்பையைக் கையில் தரமாட்டார்கள். அவமதிப்பாக, தங்கள் காலைத் தூக்கி, முழங்காலுக்கு அடியில் கைவிட்டு நீட்டுவார்கள். பாஷ்க் இரண்டு வருடம் அப்படித்தான் குடித்தார்.

"கசக்கலையாண்ணே?" என்று கடைக்கார ஜெலோஷ் கேட்பான்.

"சர்க்கரைய நீ கம்மியாப் போடுற. வேற கசப்பு இல்ல."

பாஷ்க் சாலையோரத்தில் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டுபவர். அவர் தம்பி ஃபிலிப்பை, பாசனத் தண்ணீர்ச் சண்டையில், பக்கத்து நிலத்து லுலாஷ் சுட்டுக் கொன்றான். லுலாஷ் விசாரணைக்குக் காத்துச் சிறையில் இருந்தான். அவன் அண்ணன் கோல் அன்று வீட்டுக்குள் போனவர் வெளியே வரவில்லை. ஒருவன் செய்த கொலைக்கு அவன் வீட்டு ஆண் எவனையும் சுடலாம் என்பது இங்கே வழக்கம். இதை நீதி என்று சொல்கிறவர்கள்தான் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போய் நற்கருணை வாங்குகிறார்கள். நான் இந்த ஊர்ப் பள்ளி வாத்தியார், கடவுளை நம்பாதவன். குற்றமே செய்யாதவனைச் சுடுவதை எந்தச் சாமி பெயரில் சொன்னாலும் எனக்கு ரத்தம் கொதிக்கும்.

பழிவாங்குவது கடவுளின் வேலை, அதில் மனிதன் கை வைக்கக் கூடாது என்று பங்குச் சாமியார் பிரசங்கம் செய்தார். ஊரே கேட்டது. பாஷ்க் மட்டும் அதன்படி நடந்தார். அதுவரை எனக்கும் புரிந்தது. விசாரணைக்கு முந்தின வாரம் அவர் என்னிடம் வந்தார்.

"வாத்தியாரே, ஃபிலிப்தான் முதல்ல துப்பாக்கிய நீட்டினான். நான் பார்த்தேன். வேற யாரும் பார்க்கல."

"லுலாஷ் சொல்லலையா?"

"சொன்னான். யார் நம்புறா?"

"நீங்க சொன்னா அவன் தண்டனை பாதியாயிடுமே."

"ஆகட்டும். வழக்கைக் கடவுள்கிட்ட ஒப்படைச்சுட்டேன்னு சொல்லிட்டுத் திரியறேன். அவர் லுலாஷை மட்டுமா விசாரிப்பாரு? என் தம்பியையும்தான். அவருக்குத் தெரிஞ்சத நான் மறைச்சா, ஒப்படைச்சதா ஆகுமா?"

எத்தனையோ சட்டப் புத்தகம் படித்தவன் நான். எதிலும் இந்தக் கேள்வி இல்லை.

நீதிமன்றத்தில், கறுப்பு உடுத்திய தன் தாயின் முன்னால் அவர் அதைச் சொன்னார்.

"நீங்க செத்தவரோட அண்ணன்தானே?" என்றார் நீதிபதி.

"ஆமாங்க. அதனாலதான் கிட்டத்துல இருந்து பார்த்தேன்."

தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பின்னாலிருந்து சித்தப்பா மகன் ஒருவன், "லுலாஷ் வீட்ல பொண்ணெடுக்கப் போறியாண்ணே?" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

ஊர் திரும்பியதும் பாஷ்க் தன் வீட்டுக்குப் போகவில்லை. நேராகக் கோலின் வாசலுக்குப் போனார். நான் பின்னால் போனேன்.

"கோல், வெளிய வா. என்னால உனக்கு ஒண்ணும் வராது."

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "உன் சித்தப்பா பசங்களால?"

"அதுக்குத்தான் நானும் கூட வரேன்."

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. வெளுத்துப்போன கோல் வெயிலுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு வந்தார். இரண்டு பேரும், ஆளில்லாமல் களை மண்டிக் கிடந்த கோலின் சோளக்காட்டை நோக்கி நடந்தார்கள். மேட்டிலிருந்து சித்தப்பா மகன்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மேட்டுக்கும் கோலுக்கும் நடுவில், தோளோடு தோள் உரச பாஷ்க் நடந்தார்.

நான் எப்போது தொப்பியைக் கழற்றினேன் என்று எனக்கே தெரியவில்லை.