இரவல் கோட்டை

ஆம்பூரில் எனக்குக் கிடைத்தது தற்காலிக வாத்தியார் வேலை. இன்ஸ்பெக்டர் வந்து, நான் நடத்தும் பாடம் ஒன்றைப் பார்த்து, சரி என்று எழுதினால்தான் நிரந்தரம். இல்லாவிட்டால் கணியம்பாடிக்குத் திரும்பி அப்பாவோடு கடலைக்காய் பிடுங்க வேண்டியதுதான். அப்பா அதற்கு ஆவலாகவே காத்திருந்தார்.

சரித்திரத்தை ஒப்பிக்க வைப்பது எனக்குப் பிடிக்காது. மூன்றாம் பாரத்துப் பையன்களை வைத்துக் கோட்டை முற்றுகையை நடித்துக் காட்டுவது என்று முடிவு செய்தேன். மதிலுக்கு எங்கே போவது? பள்ளிக்குப் பக்கத்திலேயே தோல்ஷாப்பு. தோல் பதனிட ஆவாரம்பட்டையைக் கட்டுக் கட்டாக அடுக்கி வைத்திருந்தார்கள். அங்கிருந்த மேஸ்திரியிடம் கெஞ்சிக் கேட்டு, பையன்கள் தலையில் ஏற்றி வந்து, வேப்பமரத்தடியில் இடுப்புயர மதில் எழுப்பினோம். தலைமையாசிரியர் வந்து அதை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். "பாடம் நடத்தச் சொன்னாங்களா சார், படை நடத்தச் சொன்னாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இன்ஸ்பெக்டர் வந்தார். நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். புத்தகத்தின்படி, உள்ளே இருப்பவர்கள் தானியம் தீர்ந்து, பசி தாங்காமல் வெள்ளைக் கொடி காட்ட வேண்டும். வெளியே நின்ற படை தகர டின்னைத் தட்டியது. கொடி வரவில்லை. மறுபடி தட்டினார்கள். உள்ளிருந்து கடலைக்காய் உடைக்கிற சத்தம்தான் வந்தது.

கோட்டைத் தலைவன், குடியாத்தத்திலிருந்து ரயிலில் வந்து படிக்கிற நெசவுக்காரர் வீட்டுப் பையன். நான் மதிலோரம் குனிந்து, கொடியைக் காட்டும்படி அவனிடம் மெதுவாகக் கெஞ்சினேன்.

"புஸ்தகத்துல பசின்னு போட்டுக்கீது சார்," என்றான் எல்லாருக்கும் கேட்கும்படி. "எங்களுக்கு இன்னும் பசிக்கலியே."

அவன் மடியில் இருந்த கடலைக்காய் தீர்ந்தால்தான் எனக்கு வேலை. மடியோ பெரியது. இன்ஸ்பெக்டர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அப்போதுதான் மாட்டுவண்டியோடு மேஸ்திரி வந்து சேர்ந்தார். "வாத்யாரே, தொட்டியில தோல் ஊறுது, ஷாப்புல பட்டை கம்மியாய்டுச்சு. உங்க சண்டைய அப்புறமா வெச்சிக்கலாம்" என்றபடி, மதிலைக் கட்டுக் கட்டாகப் பிரித்து வண்டியில் ஏற்றத் தொடங்கினார். முற்றுகையிட்ட படை பகையை மறந்து அவருக்கு ஒத்தாசை செய்தது. கடைசியில், உள்ளே இருந்தவர்கள் மடியில் கடலைக்காயோடு வெட்டவெளியில் உட்கார்ந்திருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் எழுந்து அவர்களிடம் போய், ஏன் தோற்றீர்கள் என்று கேட்டார்.

"நாங்க எங்க சார் தோத்தோம்?" என்றான் தலைவன். "கோட்டைதான் இரவலு."

இன்ஸ்பெக்டர் குடையை ஊன்றிக்கொண்டு வெகுநேரம் சிரித்தார். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். இரவல் பலத்தில் ஆண்ட ராஜாக்கள் யார் யார், கொடுத்தவன் திருப்பிக் கேட்டபோது அவர்கள் என்ன ஆனார்கள் என்று அவர் கேட்கக் கேட்க, பையன்கள் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். தேதி கேட்டால் கூரையைப் பார்க்கிற பையன்கள் இவர்கள். நடுவில் அவர் கைக்கும் கொஞ்சம் கடலைக்காய் போயிற்று.

புறப்படும்போது என்னை நிரந்தரமாக்கலாம் என்று தலைமையாசிரியரிடம் சொன்னார். அடுத்த கோட்டைக்குப் பள்ளிக்கூடமே சொந்தமாகச் செங்கல் வாங்கட்டும் என்றும் சொன்னார்.

அவர் போனதும் தலைமையாசிரியர் என்னைத் தம் அறைக்குக் கூப்பிட்டு, அடுத்து என்ன உத்தேசம் என்று விசாரித்தார். குடிமைப் பாடத்துக்கு முனிசிபல் எலெக்‌ஷன் நடத்தலாம், சேர்மனுக்கு நல்ல நாற்காலி ஒன்று வேண்டும் என்றேன். அவர் தாம் உட்கார்ந்திருந்த நாற்காலியின் கைப்பிடிகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.