முழுதாக இறுக்காத முடிச்சு

டாக்டர் குலசேகரம் இறந்த செய்தியை அவருடைய தம்பி மகன் தொலைபேசியில் சொன்னார். "பெரியப்பா காலையில போயிட்டார். உங்களுக்கும் சொல்ல வேணும் எண்டு நினைச்சன்." கிள்ளானில் என் கிளினிக்கில் ஒரு பூனைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். சரி என்று சொல்லிவிட்டு அடுத்த பூனையைக் கூப்பிட்டேன். அழுகை வரவில்லை. இதை எழுதும்போதும் வரவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் அவருடைய கால்நடை மருத்துவமனையில் பல ஆண்டுகள் அவருக்குக் கீழே மருத்துவராக இருந்தேன். இந்த நினைவுமலரை வாசிக்கும் உங்களில் பலர் நாய்களோடு அங்கே வந்தவர்கள். அவர் என்னை எப்படி அறிமுகம் செய்வார் என்பது நினைவிருக்கும்: "இவர் கேரி தீவுத் தோட்டத்துப் பொடியன். கெட்டிக்காரன்." அவர் படித்ததையே நானும் படித்திருந்தேன். ஆனால் பட்டத்தை விட்டுவிட்டு, என் பெற்றோர் கூலிவேலை செய்த தோட்டத்தைத்தான் சொல்வார். பாராட்டு என்பார்கள். இருக்கலாம்.

எண்பதுகளின் பிற்பகுதியில் கிள்ளானில் பூக்கடை வைத்திருந்த சரசக்கா, ஜிம்மி என்ற சின்ன வெள்ளை நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். சாப்பிட்டால் எச்சில் வடியும், வட்டமடிக்கும், சுவரில் தலையை அழுத்திக்கொண்டு நிற்கும். வலிப்பு நோய், ஊசி போட்டு முடித்துவிடுங்கள் என்று வேறொரு மருத்துவர் சொல்லியிருந்தார். கணவர் போனபின் சரசக்கா வீட்டில் இருந்த ஒரே துணை அது.

"ஒல்லியா இருக்கேன்னு பாசார்ல ஈரல் வாங்கி அவிச்சுக் கொடுக்கறேன் டாக்டர். தேறவே இல்ல. புரட்டாசி மாசம் மட்டும் ஒண்ணுமே வரல. பெருமாள் காப்பாத்துனாரு லா."

"புரட்டாசியில என்ன சாப்பிட்டுச்சுக்கா?" என்று கேட்டது நான்.

"வீட்ல சைவம்தானே. அதுக்கும் தயிர்சாதம்தான்."

டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு சரசக்காவிடம், "பெருமாளுக்கு நன்றி சொல்லிப்போட்டு அந்த ஈரலை நிப்பாட்டுங்கோ அம்மா," என்றார்.

குடலிலிருந்து வரும் இரத்தம் ஈரலுக்குள் போய்ச் சுத்தமாக வேண்டும். ஜிம்மிக்குப் பிறவியிலேயே ஒரு தவறான இரத்தக்குழாய் இருந்தது. இரத்தம் ஈரலைத் தொடாமல் பக்கவழியாகப் போய், இறைச்சி செரிப்பதில் உண்டாகும் நஞ்சை மூளைவரை கொண்டுபோனது. மருந்து செலுத்தி எடுத்த எக்ஸ்ரேயில் அந்தக் குழாய் தெரிந்தது. அறுவைக்குச் சரசக்கா சம்மதித்தார். "செத்தாலும் தூக்கத்துல சாகட்டும் டாக்டர்," என்றார்.

டாக்டர் வயிற்றைத் திறந்து, குழாயைத் தேடிப் பிடித்து, பட்டுநூலைச் சுற்றி இறுக்கினார். குழாய் கொஞ்சம் திறந்தே இருந்தது.

"இன்னும் இறுக்கலாம் டாக்டர். விட்டா நோய் திரும்பும்," என்றேன்.

"பொறும் தம்பி. குடலைப் பாரும்."

இளஞ்சிவப்பாக இருந்த குடல் நீலம் பாய்ந்துகொண்டிருந்தது. வளராத ஈரலால் அவ்வளவு இரத்தத்தையும் வாங்க முடியவில்லை. நூலைத் தளர்த்தினார். நிறம் திரும்பும்வரை நின்றார். மறுபடி கொஞ்சம் இறுக்கினார், மறுபடி பார்த்தார். "முழுக்கக் கட்டினால் எங்களுக்குத் திருப்தி. நாய் செத்துப்போகும்," என்றார். பாதிக்குமேல் மூடியதும் முடிச்சைப் போட்டார்.

வெளியே பெஞ்சில் இருந்த சரசக்காவிடம் அவரே போய்ச் சொன்னார். "உயிரோட இருக்கு. ஆனால் இனிக் கடைசிவரைக்கும் இறைச்சி குடுக்கக் கூடாது."

"என்னைவிடப் பெரிய பக்தனாயிட்டான் லா," என்று சொல்லி அந்த அம்மாள் அழுதார். ஜிம்மி பல ஆண்டுகள் வாழ்ந்தது.

பிறகு மருத்துவர்கள் கூட்டமொன்றில் டாக்டர் இதைப் பற்றிப் பேசினார். புரட்டாசிக் கேள்வியைத் தாம் கேட்டதாகச் சொன்னார். கைதட்டினார்கள். நான் பின்வரிசையில் இருந்தேன். மறுநாள் கேட்டபோது நெற்றியைச் சுருக்கினார். "ஓ, அதை நீரே கேட்டனீர்?" பொய் சொல்லவில்லை. உண்மையாகவே மறந்திருந்தார். திருடியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் ஓய்வு பெற்றபோது மருத்துவமனை அவருடைய தம்பி மகனுக்குப் போனது. நான் கிள்ளானுக்கு வந்தேன். அதன்பின் நாங்கள் பேசவில்லை.

அவரைப் பற்றி நல்லதாக எழுதித் தரச் சொன்னார்கள். என்னிடம் இருப்பது இதுதான். இப்படிப் பிறந்த குட்டிகளுக்கு இப்போது நானே அறுவை செய்கிறேன். நூலை இறுக்கும்போது இன்னும் ஒரு இழுப்பு என்று விரல் துடிக்கும். கையை எடுத்துவிட்டு, குடலின் நிறத்தைப் பார்த்தபடி நிற்கிறேன். பக்கத்தில் நிற்பவர்கள் இதை எங்கே கற்றீர்கள் என்று கேட்பதுண்டு. ஒவ்வொரு முறையும் அவர் பெயரைச் சொல்லிவிடுகிறேன்.