கிருத்திகையன்று போட்ட பல் ஊசி

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு கிருத்திகை நாளில், பல்வலியால் துடித்த என் அக்காவை ஜோகுபாளையம் வீட்டிலிருந்து பல் டாக்டரிடம் அழைத்துப்போனேன். அக்காவுக்குச் சர்க்கரை நோய் உண்டு.

"சாப்ட்டீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஆச்சு டாக்டர். சீக்கிரம் புடுங்கிப் போடுங்க, உயிரு போவுது," என்றாள் அக்கா.

மரத்துப்போக ஊசி போட்டார். சற்று நேரத்தில் அக்காவுக்கு வியர்த்துக் கொட்டியது, கைகள் நடுங்கின. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றே நான் பயந்தேன். டாக்டர் நாடியைப் பிடித்தபடி, "நிஜம் சொல்லுங்க, என்ன சாப்ட்டீங்க?" என்றார்.

"விரதம்... சர்க்கரை மாத்திரை மட்டும்..." என்று குழறினாள். சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று மறைத்திருக்கிறாள்.

வெறும் வயிற்றில் மாத்திரை போட்டதில் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டிருந்தது. உடனே சர்க்கரைத் தண்ணீரைச் சிறிது சிறிதாகப் புகட்டினார்கள். மரத்த உதட்டோரம் பாதி வழிந்தது. அது அவளுக்குத் தெரியவில்லை. டாக்டர் என்னைக் காட்டி, "இவர் யாரும்மா?" என்றார். அக்கா என்னை வெறித்துப் பார்த்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான், "ஏண்டா மூஞ்சிய அப்படி வெச்சிருக்கே?" என்றாள். அன்று பல்லைப் பிடுங்கவில்லை.

இப்போது வீட்டில் யாரைப் பல் டாக்டரிடம் அழைத்துப்போனாலும், போட்டுக்கொண்ட மாத்திரைகளை நானே அவரிடம் சொல்லிவிடுகிறேன். கிளம்பும்முன், சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. எதிரில் உட்காரவைத்துச் சாப்பிட வைக்கிறேன்.