பத்தில் எட்டு

ஆய்வகத்தில் அவளைப் ‘புரதம்மா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பன்றிகளைக் கொத்துக் கொத்தாகக் கொல்லும் ஒரு காய்ச்சல் வைரஸ். அதன் ஒரே ஒரு புரதத்தோடு பதினோரு வருடம் மல்லுக்கட்டியவள். நோய் நுழைந்ததும் பன்றியின் உடல் ஓர் எச்சரிக்கை எழுப்பும். அந்தப் புரதம் அதன் வாயைப் பொத்திவிடும். எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொள்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். புரதத்தை நீக்கிய வைரஸைத் தடுப்பூசியாகப் பத்துப் பன்றிகளுக்குப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

அவள் தம்பி பன்றிப் பண்ணை வைத்திருந்தான். தாய்ப்பன்றிகள் மட்டும் நாற்பது. பக்கத்து ஊரில் நோய் என்றதும் ஆய்வக வாசலுக்கே வந்துவிட்டான்.

“உங்கிட்ட இருக்கிறதுல கொஞ்சம் குடுக்கா.”

“அது உயிருள்ள வைரஸ்டா. மறுபடி வீரியம் வந்துச்சுன்னா நானே நோயைப் பரப்பினதா ஆயிடும்.”

“எப்படியும் சாகப்போறதுதானே. போட்டுத்தான் பாப்போமே.”

“முடியாதுடா.”

அவன் அதற்குமேல் கெஞ்சவில்லை.

மூன்றாம் வாரம் பரிசோதனைக்கு வந்த ரத்த மாதிரிகளில் ஒன்றோடு இருந்த தாளில் தம்பியின் கையெழுத்து. நோய் உறுதியானது. வேறு யாரையும் சொல்லவிடாமல் அவளே போன் செய்தாள். மறுநாள் கால்நடைத் துறை ஆட்கள் வந்து, நன்றாக இருந்தவற்றையும் சேர்த்துக் கொன்று குழியில் தள்ளினார்கள். குட்டிகளைத் தம்பியே தூக்கிக் கொடுத்தானாம். தம்பி மனைவிதான் சொன்னாள்.

அடுத்த மாதம் முடிவு வந்தது. ஆய்வகப் பன்றிகளுக்கு நோய்க்கிருமியைச் செலுத்திப் பார்த்ததில் ஊசி போடாதவை எல்லாம் செத்துப்போக, போட்டவற்றில் எட்டு பிழைத்திருந்தன. எல்லோரும் கைதட்டினார்கள். அவள் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

செய்தித்தாளில் படித்து அவன் தெரிந்துகொள்ளக் கூடாது என்று நேரில் போனாள். லாரி ஓட்டத் தொடங்கியிருந்தவன், அப்போதுதான் வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தான்.

“பத்துல எட்டு பொழைச்சிருக்குடா.”

தட்டைப் பார்த்தபடியே கேட்டான்: “அன்னிக்கு உனக்கு இது தெரியாதுல்ல?”

“தெரியாது.”

“அப்ப நீ செஞ்சது சரிதான்.” கையைக் கழுவிக்கொண்டு எழுந்தான். “சரின்னு புரியுது. உன்னப் பாக்கத்தான் முடியலக்கா. கொஞ்ச நாள் வராத.”

அந்தக் கொஞ்ச நாள் இரண்டு வருடமாகிவிட்டது. மீதி இரண்டு ஏன் பிழைக்கவில்லை என்று அவள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள். தம்பி மனைவி எப்போதாவது போனில் பேசுவாள். வாசலில் லாரி வந்து நிற்கும் சத்தம் கேட்டதும், “அப்புறம் பேசறேன் அண்ணி,” என்று வைத்துவிடுவாள்.